சிறு தொழில் வெப்சைட்டில் ஆன்லைன் பேமென்ட்: எங்கிருந்து ஆரம்பிப்பது, எதில் கவனம் வைப்பது

கேள்வி இதுதான்: "சிறிய அளவில் பொருட்கள் விற்கிறேன். வெப்சைட் இருக்கிறது. ஆர்டர் மெசேஜில் வருகிறது, பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறேன். இனி சைட்டிலேயே கார்டு மூலம் பணம் வாங்க வேண்டும். எந்த கேட்வே (கார்டு பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் நிறுவனம்) நல்லது? கார்டு விவரம் வாங்கும் ஃபார்மை நானே செய்யலாமா? எவ்வளவு கோடிங் தேவைப்படும்?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். வேண்டாம். கார்டு நம்பர் டைப் செய்யும் பெட்டி உங்கள் சர்வரைச் சேர்ந்ததாக இருக்கவே கூடாது.

கார்டு நம்பர் உங்கள் சர்வரைத் தொட்டுவிட்டுப் போனாலே போதும், சேமித்து வைக்காவிட்டாலும் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதிகள் முழுவதும் உங்கள் தலையில் விழும். விசா, மாஸ்டர்கார்ட் போன்ற கார்டு நெட்வொர்க்குகள் சேர்ந்து 2004இல் கொண்டுவந்த விதிகள் இவை. இப்போது நடப்பில் இருப்பது 2024 ஜூனில் வந்த 4.0.1 பதிப்பு. கார்டு வாங்கும் எந்த வியாபாரமும் இதற்குக் கட்டுப்பட்டதுதான், எவ்வளவு சிறியதாக இருந்தாலும். ஆனால் சுமை ஒரே மாதிரி இல்லை. கார்டு விவரம் வாங்குவதை முழுவதுமாக பேமென்ட் நிறுவனத்திடம் விட்டுவிட்டால், நீங்கள் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவம் மிகவும் சிறியது. நீங்களே வாங்கினால் 200க்கும் மேற்பட்ட நிபந்தனைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கார்டின் பின்பக்கம் உள்ள மூன்று இலக்க சிவிவி எண்ணை, பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு என்கிரிப்ட் செய்து, அதாவது ரகசியக் குறியீடாக மாற்றிக்கூட, வைத்துக்கொள்ளக் கூடாது. "அடுத்த முறை வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கும்" என்று அதை டேட்டாபேஸில் எழுதிவைத்த சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய ஆபத்து.

அப்படியானால் என்ன வழி? மூன்று இருக்கின்றன. முதலாவது பேமென்ட் லிங்க். பேமென்ட் நிறுவனத்தின் டாஷ்போர்டில், அதாவது உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில், தொகையைப் போட்டால் ஒரு லிங்க் வரும், அதை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம். கோடிங்கே இல்லை. இரண்டாவது, ஹோஸ்டட் செக்கவுட்: சைட்டில் "பணம் செலுத்து" பட்டனை அழுத்தியதும் வாடிக்கையாளர் பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், செலுத்திவிட்டு உங்கள் சைட்டுக்குத் திரும்புவார். மூன்றாவதில் கார்டு பெட்டி உங்கள் பக்கத்துக்குள்ளேயே தெரியும், ஆனால் அந்தப் பெட்டி ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் வேறொரு சைட்டின் பக்கத்தைக் காட்டும் சட்டம்) வழியாக அவர்கள் சர்வரிலிருந்து வரும். உங்களுக்குக் கிடைப்பது கார்டு நம்பருக்குப் பதிலாக ஒரு டோக்கன், அதாவது அதைக் குறிக்கும் மாற்று எண், மட்டும்.

இன்னமும் மெசேஜில்தான் ஆர்டர் வருகிறது என்கிறீர்கள். எனவே முதலில் பேமென்ட் லிங்க்கிலேயே ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆர்டர்கள் என்றால் அதுவே நெடுநாள் தாங்கும். கையால் லிங்க் அனுப்புவது சலித்துப்போகும் அளவுக்கு ஆர்டர் வந்ததும் ஹோஸ்டட் செக்கவுட்டுக்கு மாறலாம். மூன்றாவது வழி அழகாக இருக்கும், ஆனால் சிறு தொழிலுக்கு அதில் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு. ஹோஸ்டட் பக்கத்தில் மொபைல் வடிவமைப்பு, புதிய பேமென்ட் முறைகள், வங்கியின் ஓடிபி சரிபார்ப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கார்டு பெட்டி அவர்களுடையது என்பதால் உங்கள் சைட்டின் பாதுகாப்பைக் கைவிட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வெப்சைட்டில் இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில், தாக்குதல் நடத்தியவர்கள் வெறும் 22 வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பணம் செலுத்தியவர்களின் விவரங்கள் வேறொரு சர்வருக்கும் ஒரு பிரதியாகப் போய்க்கொண்டிருந்தன. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. உங்கள் சைட்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், "பணம் செலுத்து" பட்டன் போகும் முகவரியையே மாற்றி, அச்சு அசலாக இருக்கும் போலிப் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பிவிட முடியும். ஆகவே பயன்படுத்தாத ப்ளகின்களை (சைட்டில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்களை) நீக்குங்கள், இருப்பவற்றை அப்டேட் செய்யுங்கள், அட்மின் லாகினுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். செக்கவுட் பக்கத்தில் விளம்பர ஸ்கிரிப்ட், சாட் பெட்டி என்று எதையும் ஏற்றாதீர்கள்.

இனி, எந்த கேட்வே என்ற கேள்வி. ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. உங்கள் தொழில் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அங்கே அவர்கள் கணக்குத் தருகிறார்களா என்பதிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். ஸ்ட்ரைப், பேபால் போன்ற பெரிய பெயர்களும் எல்லா நாட்டிலும் ஒரே சேவையைத் தருவதில்லை. அடுத்தது, உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் எதில் பணம் கட்டுகிறார்கள் என்பது. கார்டா, வங்கிப் பரிமாற்றமா, மொபைல் வாலட்டா? பத்துப் பேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அவர்கள் கையில் இல்லாத வசதியைக் கொடுத்துவிட்டு விற்பனை ஏன் நிற்கிறது என்று யோசிப்பதில் பயனில்லை.

கட்டணத்தை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். பல நிறுவனங்கள் சதவீதத்தோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான தொகையையும் எடுக்கும். 3 சதவீதமும் அதோடு 10ம் என்று வைத்துக்கொள்வோம். 1000க்கு விற்றால் 40 போகும், அதாவது 4 சதவீதம். 50க்கு விற்றால் 11.50 போகும், அது 23 சதவீதம். சின்னச் சின்னத் தொகையாக நிறைய விற்பவருக்கு அந்த நிலையான தொகைதான் லாபத்தைத் தின்னும். அதனால் உங்கள் சராசரி ஆர்டர் தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ரீஃபண்ட் செய்தால் முதலில் எடுத்த கட்டணம் திரும்பி வருமா (பல இடங்களில் வராது), வேறு நாட்டுக் கார்டுக்குக் கூடுதலாக எவ்வளவு, பணம் உங்கள் வங்கிக்கு வர எத்தனை நாள், சார்ஜ்பேக் வந்தால் (வாடிக்கையாளர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டால்) தனி அபராதம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. சைட்டில் தொடர்பு முகவரி இருக்காது, ரீஃபண்ட் கொள்கை இருக்காது, பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு பெயர் என்று இருக்கும். அவர்கள் உங்கள் சைட்டைத் திறந்து பார்ப்பார்கள். விலை தெரியும் பொருட்கள், டெலிவரி விவரம், ரீஃபண்ட் மற்றும் தனியுரிமைக் கொள்கைகள், போன் அல்லது ஈமெயில் எல்லாம் நிஜமாகவே இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். என்ன விற்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் தெரியவந்தால் கணக்கை முடக்குவார்கள், உள்ளே இருக்கும் பணமும் மாதக்கணக்கில் நிற்கலாம். திடீரென்று விற்பனை பல மடங்கு ஆனாலும், பணத்தை இப்போது வாங்கிக்கொண்டு பொருளை மாதங்கள் கழித்து அனுப்பினாலும், அவர்கள் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு பெரிய விற்பனை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான். நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இனிமேல்தான் வருகிறது. பட்டன் வைப்பது சுலபம். இந்த ஆர்டருக்கு இந்தப் பணம் வந்துவிட்டதா என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வதில்தான் சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு காட்சியை நெருக்கமாகப் பாருங்கள். வாடிக்கையாளர் போனில் செக்கவுட் பக்கத்தில் கார்டு விவரம் போடுகிறார். ஓடிபி வருகிறது, போடுகிறார். வங்கி அனுமதித்துவிட்டது, பணம் பிடிக்கப்பட்டுவிட்டது. இப்போது அவரை உங்கள் "நன்றி" பக்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து சிக்னல் போகிறது, அல்லது வங்கியின் மெசேஜைப் பார்க்கப் போனவரின் பிரவுசரைப் போன் மூடிவிடுகிறது. "நன்றி" பக்கம் திறக்கவே இல்லை. உங்கள் சைட் அந்தப் பக்கம் திறப்பதை வைத்துத்தான் ஆர்டரை உறுதி செய்கிறது என்றால், உங்கள் பட்டியலில் "பணம் வரவில்லை" என்றே நிற்கும். வாடிக்கையாளருக்கோ வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்ட மெசேஜ் வந்துவிட்டது. பதற்றத்தில் மறுபடியும் செலுத்துகிறார். இரண்டு முறை பணம் போயிருக்கிறது, ஆர்டர் ஒன்றுதான், அவர் நம்பிக்கையும் போய்விட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "நன்றி" பக்கத்தின் முகவரி தெரிந்த ஒருவர், பணமே கட்டாமல் நேராக அந்த முகவரியை பிரவுசரில் அடித்துத் திறக்கலாம். சைட் அதை நம்பினால் பொருள் இலவசமாகப் போகும்.

ஆகவே பணம் வந்த செய்தியை வாடிக்கையாளரின் பிரவுசரிடமிருந்து வாங்கக் கூடாது. பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் வெப்ஹுக். உங்கள் சைட்டில் ஒரு முகவரியை அவர்களிடம் பதிவு செய்து வைப்பீர்கள். பணம் வந்ததும், தோல்வியடைந்ததும், ரீஃபண்ட் ஆனதும் அந்த முகவரிக்குச் செய்தி வரும். உங்கள் சர்வர் அந்த நேரம் படுத்திருந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அனுப்புவார்கள். ஸ்ட்ரைப் போன்றவை மூன்று நாள் வரைகூட முயன்று பார்க்கும். "நன்றி" பக்கம் வாடிக்கையாளருக்கான மரியாதை மட்டும். ஆர்டரை உறுதி செய்யும் அதிகாரம் வெப்ஹுக்குக்கு.

அந்த வெப்ஹுக் முகவரிக்கும் யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கையொப்பம் வரும். உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியை வைத்து, செய்தியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட மதிப்பு அது. நீங்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டுமே நம்ப வேண்டும். இங்கே டெவலப்பர்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் ஓர் இடம்: கையொப்பத்தை, வந்த செய்தியின் மூல வடிவத்தில்தான் சரிபார்க்க வேண்டும். முதலில் அதை ஜேசனாக (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) பிரித்து மறுபடி எழுத்தாக மாற்றினால், ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நிராகரிக்கிறது" என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு பெரும்பாலும் காரணம் இதுதான்.

அப்புறம், ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். ரீஃபண்ட் செய்தி பேமென்ட் செய்திக்கு முன்னால்கூட வரலாம். ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணையும் குறித்து வைத்து, ஏற்கனவே பார்த்தது என்றால் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல் கிளம்பும். தொகையையும் நாணயத்தையும் உங்கள் ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கட்டாயம்.

தொகை என்றதும் இன்னும் இரண்டு விஷயம். விலையை பிரவுசரிலிருந்து வாங்காதீர்கள். பக்கத்தில் மறைத்து வைத்த விலையை யாரும் ஒரு நொடியில் மாற்றிவிடலாம். பொருளின் எண்ணும் எத்தனை வேண்டும் என்பதும் மட்டும் பிரவுசரிலிருந்து வரட்டும், விலையை உங்கள் சர்வர் கணக்கிடட்டும். இரண்டாவது, பல ஏபிஐகள் (உங்கள் சர்வர் பேமென்ட் நிறுவனத்தின் சர்வரோடு பேசும் வழிகள்) தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். 25 டாலருக்கு 2500 என்று அனுப்ப வேண்டும். ஆனால் ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு கிடையாது, அதனால் 2500 யென் என்றால் 2500தான். குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 100ஆல் பெருக்கினால் யென்னில் வாங்குபவரிடம் நூறு மடங்கு கேட்டுவிடுவீர்கள்.

எவ்வளவு கோடிங் என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். சைட் வேர்ட்பிரஸில் இருந்தால், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் ப்ளகினும், பேமென்ட் நிறுவனமே வெளியிடும் அதிகாரப்பூர்வ ப்ளகினும் போதும். மேலே சொன்ன வெப்ஹுக், கையொப்பம் எல்லாம் ப்ளகினுக்குள் இருக்கும், ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மூன்றாம் நபர் செய்த இலவச ப்ளகின் பக்கம் போகாதீர்கள். பணம் நடமாடும் இடத்தில் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்பது முக்கியம். ஆனால் ப்ளகின் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வேகத்துக்காகப் போட்ட கேஷ் (cache) ப்ளகின், அதாவது பக்கங்களின் பிரதியைச் சேமித்துக் காட்டும் ப்ளகின், செக்கவுட் பக்கத்தையும் சேமித்து வைத்து ஒருவருக்கு வேண்டியதை இன்னொருவருக்குக் காட்டலாம். பாதுகாப்பு ப்ளகினோ ஃபயர்வாலோ வெப்ஹுக் செய்தியைச் சந்தேகத்துக்குரிய வருகை என்று தடுத்துவிடலாம். இந்த இரண்டு இடத்திலும் விலக்குப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: வூகாமர்ஸில் ஸ்டாக்கைப் பிடித்துவைக்கும் நேரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பாக 60 நிமிடம். அதற்குள் பணம் உறுதியாகாத ஆர்டரை அது தானாக ரத்து செய்துவிடும். வெப்ஹுக் தடைபட்டிருந்தால், பணம் வந்த ஆர்டரே ரத்தாகி நிற்கும். "பணம் கட்டினேன், ஆர்டர் கேன்சல் என்று வந்திருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சொந்தமாக எழுதிய சைட் என்றால் ஒரு டெவலப்பரின் உதவி தேவை. ஆர்டரை உருவாக்கி செக்கவுட்டுக்கு அனுப்புவது ஒன்று, வெப்ஹுக்கை வாங்கிக்கொள்வது ஒன்று, இரண்டே பகுதிகள். அவரிடம் மேலே உள்ள பத்திகளை அப்படியே காட்டுங்கள். ரகசியச் சாவியை பிரவுசருக்குப் போகும் கோடிலோ, கோடைப் பகிர்ந்து வைக்கும் கிட்ஹப் தளத்திலோ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேரலைக்குப் போகுமுன் சோதனை. பெரும்பாலான நிறுவனங்கள் டெஸ்ட் மோடு தருகின்றன. ஸ்ட்ரைப்பில் 4242 என்பதை நான்கு முறை அடித்தால் வெற்றிகரமாகும் சோதனைக் கார்டு. அதை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள், அங்கேதான் தவறு. நிராகரிக்கப்படும் சோதனைக் கார்டு, ஓடிபி கேட்கும் கார்டு இரண்டையும் போட்டுப் பாருங்கள். பணம் கட்டியதும் "நன்றி" பக்கம் வருமுன் பிரவுசரை வேண்டுமென்றே மூடுங்கள். அப்போதும் ஆர்டர் உறுதியாக வேண்டும். பட்டனை வேகமாக இரண்டு முறை அழுத்திப் பாருங்கள், பின்செல்லும் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் ரீஃபண்ட் செய்து பாருங்கள். நேரலைக்கு மாறிய பிறகு டெஸ்ட் சாவியும் டெஸ்ட் வெப்ஹுக்கும் அப்படியே நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் உண்மையாகவே வாங்கும் ஆர்டரை முதலாவதாக எடுங்கள். சொந்தக் கார்டில் உங்களுக்கு நீங்களே கட்டிப் பார்ப்பதைச் சில நிறுவனங்களின் விதிகள் தடுக்கின்றன.

மோசடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய சைட்டை யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். திருடிய கார்டு நம்பர்களில் எது இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்க, பாதுகாப்பு குறைந்த சின்ன சைட்டுகளைத்தான் தேடுவார்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சின்னத் தொகை முயற்சிகள் வரும், பெரும்பாலும் நிராகரிக்கப்படும். ஒவ்வொரு முயற்சிக்கும் உங்களிடம் கட்டணம் பிடிக்கப்படலாம். விரும்பிய தொகையைக் கட்டும் பக்கங்கள் இதற்கு மிகவும் இரையாகும். குறைந்தபட்சத் தொகை ஒன்றை வையுங்கள், கேப்ட்சா (மனிதரா, தானியங்கி மென்பொருளா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள், ஒரே இடத்திலிருந்து வரும் முயற்சிகளுக்கு வரம்பு வையுங்கள்.

சார்ஜ்பேக் என்பது வாடிக்கையாளர் தன் வங்கியிடம் "இது நான் செய்ததல்ல" அல்லது "பொருள் வரவில்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்பது. பல வகைப் புகார்களுக்கு அவருக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பணம் உடனே உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும், பிறகுதான் உங்கள் தரப்பைக் கேட்பார்கள். ஆனால் இதில் கணிசமானவை மோசடியே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயர் வாடிக்கையாளருக்குப் புரியாமல் போவதுதான் காரணம். சைட்டின் பெயர் ஒன்று, பதிவு செய்த நிறுவனப் பெயர் வேறு என்றால், ஸ்டேட்மென்ட்டில் சைட்டின் பெயரே தெரியும்படி டாஷ்போர்டில் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, இதைப் போல் பலன் தருவது வேறு எதுவுமில்லை. வங்கியின் ஓடிபி சரிபார்ப்பு, அதாவது 3டி செக்யூர், நடந்திருந்தால் "நான் செய்யவில்லை" என்ற வகைப் புகாரின் நஷ்டம் பொதுவாக வாடிக்கையாளரின் வங்கியைச் சேரும். பொருள் வரவில்லை என்ற புகாருக்கு அது உதவாது. அதற்கு டெலிவரி ஆதாரம் கையில் வேண்டும். வாடிக்கையாளர் உங்களிடம் நேரடியாகக் கோபமாக எழுதினால், நியாயம் இருக்கிறது என்று பட்டால் அன்றே ரீஃபண்ட் செய்துவிடுங்கள். வங்கிக்குப் போன பிறகு அதே பணத்தோடு அபராதமும் சேர்ந்து போகும்.

கடைசியாகக் கணக்கு. பேமென்ட் நிறுவனம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பாது. சில நாள் விற்பனையைச் சேர்த்து, கட்டணத்தையும் ரீஃபண்டுகளையும் கழித்து, ஒரே தொகையாக வங்கிக்கு அனுப்பும். வங்கியில் 8,412 வந்திருக்கும், அது எந்த ஆர்டருக்கு என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை வாரம் ஒரு முறை இறக்கி, ஆர்டர் எண், மொத்தத் தொகை, கட்டணம், ரீஃபண்ட், கைக்கு வந்தது, வங்கிக்கு வந்த தேதி என்று ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். விற்பனையாக எழுத வேண்டியது மொத்தத் தொகை, கட்டணம் தனிச் செலவு. கைக்கு வந்ததையே விற்பனை என்று எழுதினால் வரிக் கணக்கு தப்பாகும். அந்த ஷீட்டில் பணம் வந்தும் ஆர்டர் இல்லாத வரி ஒன்று தெரிந்தால், வெப்ஹுக் எங்கோ நின்றுபோயிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அவருக்கு போன் போட்டுவிடுங்கள்.